மத்தேயுவின் சத்தியம்

தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிய கணபதி ஒரு வாய்கூடக் குடிக்காமல் அதைத் தரையில் வைத்தார். நிலுக்ஷி தட்டோடு அங்கேயே நின்றாள். சாவு வீட்டில் கொடுக்கிற தேத்தண்ணியைத் தொடாமல் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவரும் வைத்தார். அப்புறம் கூடாரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

"ஏன் மாமா, சீனி காணாதா?" என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"சீனியெல்லாம் சரியாத்தான் இருக்கு புள்ள. மனசுதான் சரியில்ல."

கணபதி மரண சங்கத் தலைவர். கூடாரமும் கதிரையும் அவர் சொன்னால்தான் வரும், பெட்டியும் அவர் சொன்னால்தான் எழும்பும். லயத்திலிருந்து அந்தோனியார் கோயிலுக்கும், அங்கிருந்து மேலே மயானத்துக்கும் வாகனம் போகிற பாதை கிடையாது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையில் செத்தவர் யாரானாலும் தோளில்தான் போகவேண்டும். வளைவுக்கு வளைவு பெட்டியை இறக்கி, ஆள் மாறித் தோள் கொடுப்பார்கள். தேத்தண்ணியைக் கீழே வைத்து, தோள் கொடுக்க மாட்டோம் என்று நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் பிணம் வீட்டிலேயே கிடக்கவேண்டியதுதான்.

முன்னறையில் அவளுடைய அப்பா மத்தேயு, விரல்களில் செபமாலை சுற்றியிருக்கப் படுத்திருந்தார். விறகுக் கட்டோடு வந்த மனுசன் கோயில் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். மாரடைப்பு என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோட்டத்து ஆட்கள் வேறு காரணம் சொன்னார்கள். "சத்தியம் பண்ணுன எடத்துலேயே உசுரு போயிருக்கு பாத்தீங்களா? அந்தோனியார் சும்மா விடுவாரா?" நிலுக்ஷியின் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள்.

அந்தச் சத்தியத்துக்குக் காரணமான மகராசன் பெட்டியின் தலைமாட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் றுஷாந்தன். அவனைப் பார்க்கப் பார்க்க நிலுக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, எப்படியெல்லாம் தூக்கி வைத்து ஆடினார்கள் அவனை! மலேசியாவில் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிற டீமில் சேர்ந்து, அங்கே ஒரு மலை ஓட்டத்தில் வெள்ளைக்காரன்களையெல்லாம் பின்னால் விட்டு முதலாவதாக வந்தவன். பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிறபோதுகூட ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு அந்த வீடியோவையே பார்த்தார்கள். லயத்துச் சுவரெல்லாம் அவன் படம்.

பிறகு மூத்திரத்தில் மருந்து இருக்கிறது என்று சேதி வந்தது, பின்னாலேயே அவனும் ஊருக்கு வந்து சேர்ந்தான். ரத்தத்தைக் கூட்டுகிற மருந்தாம். அதைப் போட்டால் மலை ஏறும்போது மூச்சு முட்டாதாம். தோட்டம் ரெண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. அந்தச் சண்டையை மத்தேயுதான் முடித்துவைத்தார். திருவிழாப் பூசை முடிந்ததும் எழும்பிப் போய் அந்தோனியார் சொரூபத்தின் பாதத்தில் கையை வைத்து, "என் மகன் எதையும் தொடல. இது பொய்யின்னா என்னைய எடுத்துக்குங்க" என்றார். செவ்வாய்க்கிழமையானால் இந்துக்களும் மெழுகுதிரியோடு வந்து நிற்கிற இடம் அது. அங்கே நின்று பொய் சொல்ல இந்தத் தோட்டத்தில் யாருக்கும் நெஞ்சு வராது. கண்ணாடிக் குழாயில் பார்த்துச் சொன்னதை அன்றோடு எல்லாரும் தூக்கி எறிந்தார்கள். கணபதி முதல் ஆளாக வந்து மத்தேயுவைக் கட்டிப்பிடித்தார்.

ஆனால் அந்த டீமுக்கு ஊசி போட்ட டாக்டர் பிடிபட்டான். யார் யாருக்குப் போட்டேன் என்று அவனே பேர் சொன்னான். றுஷாந்தன் பேரும் வந்தது. இவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லவுக்கு ஓடிப்போய், டூரிஸ்ட்டுகளுக்கு சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். வீட்டில் மிச்சம் இருந்தவர்கள்தான் லயத்தில் தலையைக் குனிந்து நடக்கவேண்டியிருந்தது. அதே வீடியோவை அதே ஆட்கள் மறுபடியும் போட்டுப் பார்த்து, "நான் அப்பவே நெனச்சேன், மூஞ்சில வேர்வையே இல்ல பாரு" என்றார்கள். அப்போது நினைத்தார்களாம்! வாயைத் திறந்து ஒருத்தன் சொல்லியிருப்பானா?

"மாமா, பங்குச் சாமி கோயில்ல காத்துக்கிட்டு இருக்காரு. பொட்டிய மூடவா?"

கணபதி எழும்பவில்லை. "மூடலாம். அதுக்கு முன்னாடி உன் அண்ணன் வெளிய வரட்டும். அப்பனும் மகனும் சேந்து எங்கள முட்டாளாக்கினாங்களா, இல்ல அவன் அப்பனையும் சேத்து ஏமாத்தினானா? எங்களுக்கு அது தெரியணும். பொய்ச் சத்தியம் பண்ணுனவரு பொட்டிய எப்படித் தோள்ல வைக்கிறதுன்னு ஆளுங்க பயப்படுறாங்க."

"செத்தவர வச்சுக்கிட்டுத்தான் பஞ்சாயத்தா? உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"நல்லா இல்லதான்." அவர் குரல் ஏறியது. "என் மகன் சஜீவன் பண்டாரவளையில மொதலாவதா வந்தான். ஒருத்தன் கைதட்டல புள்ள. 'ஊசி எங்க போட்டே, காட்டு'ன்னு கத்துனாங்க. அவனோடத சோதிச்சுப் பாத்து சுத்தம்னு சொல்லிட்டாங்க. யாரு நம்புறா? இந்தத் தோட்டத்துப் பேரக் கேட்டாலே சிரிக்கிறாங்க. அவன் சைக்கிளக் கூரைல தூக்கிப் போட்டுட்டான். அது நல்லா இருக்கா?"

சஜீவன் கூடாரக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததாலேயே நிலுக்ஷிக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் எல்லாம் ஒரே ஆளிடம்தான் போய் முடிந்தது.

உள்ளே போனாள். அம்மா மரியகொரட்டி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நிலுக்ஷி அண்ணன் சட்டையைப் பிடித்து எழுப்பி, பின்பக்கம் தண்ணி விழுகிற பீலிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பேர் சொன்ன நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசவேண்டியதாய்ப் போனது.

"வெளிய கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப போய்ச் சொல்லு. 'ஊசி போட்டது நான். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரையும் ஏமாத்தினேன்'னு சொல்லு. அவ்வளவுதான். ஒனக்குப் போறதுக்கு இனி என்ன மானம் இருக்கு? அவருக்காவது மிஞ்சட்டும்."

றுஷாந்தன் பீலித் தண்ணியையே பார்த்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? அந்த மனுசன் ஒன்ன நம்பித்தானே கைய வச்சாரு?"

"அதுதான் இல்ல நிலு."

"என்ன இல்ல?"

"திருவிழா அன்னைக்குக் கோயிலுக்குப் போறப்ப, மானாப்புல்லு வளைவுல அவர நிறுத்தினேன். பொய் சொல்லிக்கிட்டே கோயிலுக்குள்ள போகப் பயமா இருந்துச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு சத்தியம் பண்ணப் போறாருன்னு எனக்குத் தெரியாது நிலு. சத்தியமாத் தெரியாது."

"சத்தியம்னு மட்டும் சொல்லாத, பல்லப் பேத்துருவேன்." அவன் சட்டையை மறுபடியும் பிடித்தாள். "அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. கொஞ்ச நேரம் தேயிலையப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் என் சட்டக் காலர் மடிஞ்சிருந்துச்சு, அத நிமித்திவிட்டாரு. 'வா, பூசைக்கு நேரமாச்சு'ன்னு முன்னாடி நடந்தாரு."

நிலுக்ஷி துணி தோய்க்கிற கல்லில் உட்கார்ந்தாள். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அப்பா ஒரு செவ்வாய்க்கிழமைகூடக் கோயில் பக்கம் போனதில்லை. முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்றார். அவள் தைலம் தேய்த்துவிட்டாள். காட்டிய கால் ஒரு நாள் வலது, இன்னொரு நாள் இடது. வயசான காலம், ரெண்டும் வலிக்கிறதாக்கும் என்று விட்டுவிட்டாள். விறகுக் கட்டோடு மலையே ஏறிவந்தவருக்குக் கோயில் படி ஏற முடியவில்லையாம்! கடைசியில் அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதானே உட்கார்ந்தார். மேலே போக நினைத்தாரோ என்னவோ.

அவளுக்கு அண்ணன்மேல் வந்த கோபம் இப்போது அப்பாமேலும் வந்தது. கொஞ்சம் சிந்தித்திருக்கக் கூடாதா மனுசன்? இந்தக் கழுதைக்காகவா போய் அங்கே கையை வைத்தார்? அழுகையும் கூடவே வந்தது. அதைப் பீலித் தண்ணியில் கழுவிக்கொண்டு எழும்பினாள்.

"வெளிய போய் நான் சொன்னத அப்படியே சொல்லு."

"நிலு, அது பொய்."

"பொய்தான். எத்தன பொய் சொன்ன, எல்லாம் ஒனக்காகத்தானே சொன்ன? அவருக்காக ஒண்ணு சொல்லு."

றுஷாந்தன் அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தான்.

கூடாரத்துப் பேச்சு அடங்கியது. அவன் வாசற்படியில் நின்றான். "ஊசி போட்டது உண்மை. ஆசப்பட்டுத்தான் போட்டேன், யாரும் கட்டாயப்படுத்தல. அப்பாகிட்ட இல்லவே இல்லன்னு சொன்னேன். நம்பிட்டாரு. நம்பித்தான் சத்தியம் பண்ணுனாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளே செபமாலை நின்றது. மரியகொரட்டி தலையைத் தூக்கி மகனின் முதுகைப் பார்த்தாள். குனிந்து, மணியை விட்ட இடத்திலிருந்து உருட்டத் தொடங்கினாள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது அம்மாவுக்கும் தெரியும் என்று நிலுக்ஷிக்கு அப்போதுதான் விளங்கியது.

கணபதி எழும்பி வந்தார். ஓங்கி ஒரு அறை. சத்தம் லயத்துக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் தடுக்கவில்லை, நிலுக்ஷியும் தடுக்கவில்லை.

"தெய்வம் மாதிரி இருந்த மனுசன்டா! அவர எங்க வாயால என்னென்ன பேச வச்சிட்ட!" கணபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். தரையில் இருந்த கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "எழும்புங்கடா எல்லாரும். மத்தேயு அண்ணன மொதல்ல நம்ம லயம்தான் தூக்கணும். சஜீவன், நீ முன்னுக்குப் பிடி."

பெட்டி மூடினார்கள், அழுதார்கள், தூக்கினார்கள். றுஷாந்தன் முன்பக்கக் கைப்பிடிக்குக் கையை நீட்டியபோது கணபதி அதைத் தட்டிவிட்டார்.

"நீ தொடாத. அந்த வாங்குகளத் தூக்கிக்கிட்டுப் பின்னால வா."

வளைவுகளில் பெட்டியை இறக்கி வைக்க ரெண்டு சின்ன மரப் பெஞ்சுகள், வாங்குகள், கூடவே போகும். தோள் கொடுக்கச் சீவன் இல்லாதவர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெற்ற மகன் வாங்கு தூக்கிப் போன சாவு அந்தத் தோட்டத்தில் அதுவரைக்கும் இல்லை. அவன் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டான்.

பாதை செங்குத்தாக ஏறியது. பெண்கள் பின்னால் போனார்கள். நிலுக்ஷி அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரெண்டு கையிலும் பாரத்தோடு ஏறிய றுஷாந்தனுக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப மூச்சு வாங்குது பாரு ஐயாவுக்கு" என்றான் முன்னால் போன ஒருத்தன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். சாவு ஊர்வலத்தில் சிரித்தார்கள், நாசமாய்ப் போனவர்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மானாப்புல்லு வளைவு வந்ததும் கணபதி கையைக் காட்டினார். றுஷாந்தன் ஓடிப்போய் வாங்குகளைப் போட்டான். பெட்டியை இறக்கினார்கள். அடுத்த லயத்து ஆட்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள். அதற்குள் பெட்டியின்மேல் போட்டிருந்த வெள்ளைத் துணியின் ஒரு ஓரம் காற்றில் மடிந்திருந்தது. றுஷாந்தன் யாரையும் பார்க்காமல் குனிந்து அதை நிமிர்த்திவிட்டான். கணபதி பார்த்தார், இந்த முறை தட்டிவிடவில்லை.

பெட்டி எழும்பி நகர்ந்தது. பாதையில் வாங்குகள் ரெண்டும் கிடந்தன. நிலுக்ஷி அம்மாவின் கையைப் பக்கத்தில் வந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மத்தத எடு" என்றாள். "பூசைக்கு நேரமாச்சு."