முதலில் எழுதிய விடை

தஜிகிஸ்தானில் எங்கள் ஊரான கோஜந்தின் சந்தையில் முப்பது வருடமாக உலர்ந்த ஆப்ரிகாட் விற்கிறேன். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். என் மகள் முனீரா மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறாவிட்டால் என் அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்து, அதை அவளிடமும் சொல்லி வைத்திருந்தேன். பயம் இருந்தால்தான் படிப்பாள் என்பது என் எண்ணம். போன வருடம் தோற்றாள். அக்கா பெரிய மனசு பண்ணி ஒரு வருடம் தவணை தந்தாள்.

வேதியியலுக்கு நிகோராவிடம் அனுப்பினேன். இருபத்தாறு வயதுப் பெண். நான்காவது மாடியில் வீடு, சமையலறை மேசைதான் வகுப்பு. எங்கள் ஊரில் ட்யூஷன் எடுப்பவர்கள் பிள்ளைகளை மிரட்டுவார்கள், இல்லாவிட்டால் அப்பன்களைக் குளிர்விப்பார்கள். இவள் இரண்டையும் செய்யவில்லை. அவள் மேசையில் ரப்பர் கிடையாது. விடையை மாற்ற வேண்டுமென்றால் பழையதன் மேல் ஒரே ஒரு கோடு போடலாம், ஆனால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தப்பாக எழுதினால், "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்பாளாம், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி. சொல்லிக்கொண்டு போகும்போதே பிள்ளைக்கு ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுமாம்.

இரண்டு மாதம் கழித்து என்னை வரச் சொன்னாள். புகார்தான் என்று முனகிக்கொண்டே மாடி ஏறினேன். தேநீர் ஊற்றி வைத்துவிட்டு முனீராவின் நோட்டைத் திறந்தாள். மகள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கோடு போட்டு மாற்றிய விடைகள் நாற்பது. அவற்றில் முப்பத்தொன்று, முதலில் எழுதியபோதே சரி.

"பாடம் தெரியாத பொண்ணு இல்லண்ணே," என்றாள். "தெரிஞ்சதை நம்ப மாட்டேங்குறா."

நான் வீட்டில் தினமும் கேள்வி கேட்டுப் பழக்குகிறேனே என்றேன். எப்படி என்று கேட்டாள். அவள் பதில் சொன்னதும் நிச்சயமா என்று கேட்பேன், சரியான பதிலாக இருந்தாலும் விடமாட்டேன், அப்போதுதானே உறுதி வரும் என்று பெருமையாகச் சொன்னேன்.

நிகோரா தலையாட்டிவிட்டு என் தொழிலிலேயே ஒரு கணக்குப் போட்டாள். ஐந்து கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ. முப்பத்தைந்து கிலோவுக்கு எவ்வளவு?

"ஏழு," என்றேன்.

"நிச்சயமா?"

ஏழுதான் என்று சிரித்தேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. பொண்ணு பார்த்துக்கிட்டிருக்கா."

என்ன சூது வைத்திருக்கிறாளோ என்று குழம்பிப்போனேன். கொட்டையையும் சேர்த்துச் சொல்கிறாளோ? காது சூடாகிவிட்டது. "கொட்டையை எடுத்துட்டா ஆறு," என்றேன்.

அவள் தாளில் ஏழு என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஆறு என்று எழுதி என்னிடம் தள்ளினாள். முப்பது வருடம் இதையே விற்றவன் நான். முனீரா சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்து அவள் பாவப்பட்டாள்.

"உங்களுக்கு இது அஞ்சு நிமிஷம்ணே. அவளுக்குத் தினமும்," என்றாள் நிகோரா. குரலில் ஏளனம் துளியும் இல்லை. என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், எதுவும் மண்டையில் ஏறியதில்லை. இந்தச் சின்னப் பெண் திட்டாமலே ஏற்றிவிட்டாள்.

வெளியே வந்ததும் படியில் நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டேன். தேர்வுக்கு மூன்று வாரம்தானே, முடிவு வரட்டுமே என்றாள்.

"முடிவு எதுவானாலும் சரிக்கா. கல்யாணப் பேச்சை விட்டுடு."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினால், முனீரா பின்னால் நிற்கிறாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். சுவரில் சாய்ந்து அழுதாள்.

"போன வருஷமே இதைச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"போன வருஷம் எனக்கு டீச்சர் கிடைக்கலையேம்மா," என்றேன்.