நவம்பர் பதினான்கின் கார்கள்

"நீங்க அங்கதான் இருந்தீங்க. அவ்வளவு சொன்னா போதும். மேல ஒரு வார்த்தை வேண்டாம்," என்றாள் நொகாமி. காசு போட்டு மெஷினிலிருந்து எடுத்த சூடான காபி டின்னைக் குடிக்காமல் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரிக் குளிர். தொழிற்சாலையின் பின்வாசல் ஓரமாகப் பனியை அள்ளிக் குவித்திருந்தார்கள். "நேத்து வக்கீல் என்னைக் கேட்டப்போ நானும் அப்படித்தான் சொன்னேன். எல்லாக் காரையும் கசாமா சான்தான் பார்த்தாரு, நான் கண்ணாடி துடைச்சிட்டிருந்தேன்னு."

கசாமா தலையாட்டினார். பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' அவள் வாயில் என்றும் தவறாது. அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் முப்பத்தேழு வருடம் ஷிராமினே மோட்டார் கம்பெனியின் இறுதிச் சோதனைப் பிரிவில் போயிருந்தது. கார்கள் உருவாகி வரும் லைனின் கடைசியில் நின்று விளக்கு, பிரேக், ஹாரன், அடிப்பாகம் எல்லாம் பார்த்து, சோதனைத் தாளில் தன் பெயர் பொறித்த சின்ன முத்திரையை அவர் குத்தினால்தான் கார் வாசலைத் தாண்டும். தேர்வு எழுதித் தேறியவர்கள் மட்டுமே குத்தலாம் என்பது கம்பெனி அரசாங்கத்துக்குக் கொடுத்திருந்த வாக்கு. நொகாமி ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தக்காரர்கள் அந்தத் தேர்வில் உட்காரவே முடியாது. பதினோரு வருடமாக அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்ததில், எஞ்சின் சத்தத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் அவருக்கு முன்னால் அவள் காதுதான் நிமிரும். "உன் காது மட்டும் பரீட்சை எழுதியிருந்தா இந்நேரம் டைரக்டர் ஆயிருக்கும்," என்பார். "என் காதுக்கு கோட்டு தைக்கறது கஷ்டம்," என்பாள் அவள். வருகிற ஏப்ரலில் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே ஏப்ரலில் அவள் மகள் நடுநிலைப் பள்ளியில் சேர இருந்தாள். தனியாளாக அந்தப் பெண்ணை வளர்ப்பவளுக்கு ஏப்ரல் என்பது எவ்வளவு பெரிய மாதம் என்று கசாமாவுக்குத் தெரியும்.

ஷிராமினே கம்பெனியின் கதையை இந்த ஊரில் குழந்தைகூடச் சொல்லும். போர் முடிந்ததும் விமானத் தகட்டை வெட்டிச் சட்டி மூடி செய்தவர் அதன் முதலாளி. பிறகு மூன்று சக்கர வண்டி, பிறகு சின்னக் கார். வடக்கே ஒரு பள்ளி ஆசிரியை, கார்க் கதவு கடகடக்கிறது என்று கடிதம் எழுதினாராம். முதலாளி பதினோரு மணி நேரம் ரயிலில் போய், அவர் வீட்டு வாசலில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே கதவைச் சரிசெய்தாராம். தினம் காலையில் வேலை தொடங்குமுன் யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சொல்லச் சொல்ல ரயில் நேரம் கூடிக்கொண்டே போனது என்று கசாமாவுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் கம்பெனியின் பெயர் பொய்யில்லை. எங்கெங்கோ பாலைவன நாடுகளில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஷிராமினே காரைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். இந்த ஊரில் ஷிராமினேயில் வேலை என்று சொன்னால் வாடகை வீட்டுக்கு மேற்கொண்டு கேள்வி கிடையாது.

இத்தனை பெரிய பெயருக்கு நடுவில் ஓர் இழுப்பறையும் இருந்தது. சோதகர்களின் முத்திரைகள் எல்லாம் அதில்தான் கிடக்கும். ஒருவர் சாப்பிடப் போனால், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், நிற்பவர் யாரோ அவர் போனவருடைய முத்திரையை எடுத்துக் குத்துவார். அதை யாரும் மோசடி என்று நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லையா, அந்த மாதிரி. இருபது வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். மறைக்கிறோம் என்பதுகூட மறந்து போயிருந்தது. ஜனவரியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்த அரசு அதிகாரி ஒருவர் அந்த இழுப்பறையைத் திறந்தார். மறுநாள் தொலைக்காட்சியில் கம்பெனித் தலைவர் குனிந்த தலையோடு நின்றார். அதற்கடுத்த வாரம் விசாரிக்கத் தோக்கியோவிலிருந்து வக்கீல்கள் வந்து மூன்றாம் மாடியில் உட்கார்ந்தார்கள்.

கசாமாவின் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு மத்தியானம். முந்தைய ஆண்டு நவம்பர் பதினான்கு. பன்னிரண்டே முக்காலுக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள்; அங்கே சேர்த்திருந்த மனைவி சதோயே மூச்சு விடத் திணறுகிறாள், உடனே வாருங்கள் என்று. அன்றைக்கு இன்னொரு சோதகர் விடுப்பு. கசாமாவும் போனால் லைன் நிற்க வேண்டும். தலைமேல் கூரை விழுந்தாலும் லைனை நிறுத்தியதில்லை என்பது அவர்கள் பிரிவின் பெருமை. மேலதிகாரியிடம் போய் "நிறுத்துங்கள், என் மனைவி சாகப்போகிறாள்" என்று சொல்லலாம் என்பது கசாமாவுக்குத் தோன்றவே இல்லை. இன்று வரை அவருக்குப் புரியாதது அதுதான். டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு மரமாக நின்றார். நொகாமி அந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள். "போங்க. கார் எங்கயும் ஓடிடாது," என்று இழுப்பறையைத் திறந்தாள். பிரிவுத் தலைவர் உசுயி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் ஏதோ காகிதத்தைத் தேடினார்.

சதோயேவுக்கு நினைவு இருந்தது. கணவர் நீலச் சீருடையோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "லைனை நிறுத்திட்டா வந்தீங்க?"

"இல்ல. நொகாமி பார்த்துக்கறா."

"அப்ப சரி." கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள். "நல்ல பொண்ணு. சும்மா தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடாதீங்க. ஏதாவது செய்ங்க அவளுக்கு." அதன் பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விரலில் கிரீஸ் இருந்தது. கழுவிவிட்டு வருகிறேன் என்றார், அவள் விடவில்லை. மூன்று நாற்பதுக்குக் கை தளர்ந்தது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் பகல் வெளிச்சத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதே மத்தியானம் ஒன்று முதல் ஐந்து வரை நாற்பத்தொரு கார்கள் கசாமாவின் முத்திரையோடு வெளியே போயிருந்தன.

வக்கீல் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கசாமாவின் எதிரில் தேநீர் வைத்துவிட்டுப் பட்டியலை ஒவ்வொரு தேதியாகப் படித்தார். அவருக்கு எந்தத் தேதிமேலும் தனிச் சந்தேகம் இல்லை. "இது நீங்களா?" "நான்தான்." "இது?" "சாப்பாட்டு நேரம். யாரு குத்துனாங்கன்னு ஞாபகம் இல்லீங்க." அதுவரை தண்ணீர் ஓடுகிறமாதிரி ஓடியது. நொகாமிக்காக ஒரு பொய் சொல்வதில் கசாமாவுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. காலையில் முகம் மழிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருந்தார்.

"நவம்பர் பதினாலு, மத்தியானம். நீங்க இங்கதான் இருந்தீங்க, இல்லையா?"

வாயைத் திறந்தார். ஆமாம் என்பது எவ்வளவு சின்னச் சொல்! ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அந்தக் கையை யார் பிடித்துக்கொண்டிருந்தது? காகிதத்தில் ஏறிவிடும், சதோயே தனியாகச் செத்தாள் என்று. சாட்சி சொல்ல அவளும் இல்லை.

"இல்லீங்க," என்றார் கசாமா. தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "நான் என் மனைவி பக்கத்துல இருந்தேன்."

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிக மெதுவாக, கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டார். "அப்படின்னா, அந்த நாற்பத்தொரு காரைப் பார்த்தது யாரு?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கம்பெனி வெளியிட்ட அறிக்கையில் 'ஒரு மூத்த சோதகரின் ஒளிவுமறைவற்ற வாக்குமூலம்' என்று ஒரு வரி வந்தது. ஊரில் இரண்டு பேர் அவரைப் பாராட்டினார்கள். உசுயி மட்டும் மாடிப்படியில் மறித்து, "உங்களுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அவளுக்கு இனிமேதான் வாழ்க்கை. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்," என்றார். அன்றைக்குக் காகிதம் தேடிய மனிதர் இதைச் சொல்கிறாரே என்று கசாமாவுக்குக் கோபம் வரவில்லை. சொன்னது உண்மைதானே. தன்னை நேர்மையானவன் என்று யாராவது சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். நேர்மையாவது ஒன்றாவது. ஒரு மத்தியானத்தை அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த மத்தியானத்தை அவருக்குக் கொடுத்தவளையே அதற்காக விட்டுக்கொடுத்தார்.

விதிமீறலோடு விசாரணையில் பொய் சொன்னதும் சேர்ந்துகொள்ள, மார்ச் முப்பத்தொன்றோடு நொகாமியின் ஒப்பந்தம் முடிந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாளில் எல்லோர் மேஜையிலும் தின்பண்டம் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அவளும் வைத்தாள். ஆளுக்கு ஒரு அரிசி வடகம், தனித்தனி உறையில். கசாமாவின் மேஜையிலும் ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு வைத்தது போலவே, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்றும் வைக்காமல் போயிருக்கலாமே என்று அவருக்கு இருந்தது. வாசல் வரை ஓடினார். அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"நொகாமி, நான்..."

"கோபம் இல்லன்னு சொன்னா பொய்," என்றாள், பூட்டைப் பார்த்தபடியே. "ஏற்கனவே ஒரு பொய் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு. இன்னொண்ணு வேண்டாம்." சைக்கிளில் ஏறினாள். பிறகு ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினாள். "ஆனா ஒண்ணு கசாமா சான். நான் சும்மா குத்தித் தள்ளல. ஒவ்வொண்ணா பார்த்தேன்."

ஏப்ரலில் சந்தேகமான கார்களையெல்லாம் திரும்ப அழைத்தார்கள். தண்டனை பெற்ற சோதகர்களையே மறுசோதனைக்கும் நிறுத்தினார்கள். ஆள் பற்றாக்குறை எந்தப் பாவத்தையும் மன்னித்துவிடும். அந்த நாற்பத்தொன்றில் இருபத்திரண்டு கார்கள் தூர ஊர்களில் இருந்தன, அங்கேயே பார்த்து முடித்தார்கள். அந்த அறிக்கைகளைக் கசாமா ஒவ்வொன்றாக வரவழைத்துப் படித்தார். குறை இல்லை, குறை இல்லை, குறை இல்லை. மீதி பத்தொன்பதைத் தானே பார்ப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மற்றவர்கள் இருபது நிமிடத்தில் முடிப்பதற்கு அவர் ஒரு மணி நேரம் எடுத்தார். வெளியே சொல்ல வாய் கூசும் ஓர் ஆசை அவருக்கு இருந்தது. ஒரு குறை வேண்டும். ஒரே ஒரு தளர்ந்த திருகாணி, ஒரு ஒழுகும் குழாய், ஒருபக்கமாய்ச் சாய்ந்த விளக்கு. அப்படி ஒன்று கிடைத்தால், சொன்னதற்கு ஓர் அர்த்தம் இருந்தது, யாரோ ஒரு குடும்பம் தப்பித்தது என்று இரவில் கண்ணை மூடலாம். ஆயுள் முழுக்கக் குறை இருக்கக் கூடாது என்று தேடிய மனிதர், இப்போது இருக்க வேண்டுமே என்று தேடினார். பதினெட்டுக் கார்கள் வந்து போயின. ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

பத்தொன்பதாவது, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. வெள்ளைக் கார். பின்சீட்டில் குழந்தை நாற்காலி, அதைச் சுற்றி பிஸ்கட் தூள். விளக்கு, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சரி. காரைத் தூக்கிவிட்டு டார்ச்சோடு அடியில் போனார். ஒரு குளிர்காலத்துச் சேறும் சாலை உப்பும் காய்ந்து பிடித்திருந்தன. மற்றக் கார்களில் ஸ்பேனர் போட்டு இறுக்கம் மட்டும் பார்த்தவர், இதில் துணியை நனைத்து முதல் திருகாணியைத் துடைத்தார். சேற்றுக்கு அடியிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று வெளிப்பட்டது. இறுக்கம் பார்த்தாயிற்று என்பதற்குச் சோதகர் பேனாவால் இழுக்கும் கோடு. மற்றவர்கள் போகிற போக்கில் இழுப்பார்கள். இது ஆணித் தலையின் நட்ட நடுவில், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து, நிதானமாக இழுக்கப்பட்டிருந்தது. அடுத்ததைத் துடைத்தார். அங்கேயும். விதிப்படி கோடு போடத் தேவையே இல்லாத சின்ன ஆணிகளிலும் நொகாமி போட்டிருந்தாள்.

"ஏதாவது பிரச்சினையாங்க?" என்றது காருக்கு உரியவனின் குரல். அவனுடைய காலணிகள் மட்டும் தெரிந்தன, பக்கத்தில் மிகச் சிறிய இரண்டு மழைக்காலணிகளும். "ரொம்ப நேரமா பார்க்கறீங்களே."

"இல்லீங்க. ஒண்ணும் இல்ல," என்றார் கசாமா அடியிலிருந்தே. "ரொம்ப நல்லா பார்த்திருக்காங்க."

"அப்ப எடுத்துட்டுப் போலாமா?"

"ஒரு நிமிஷம்," என்றார். துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த ஆணியைத் துடைத்தார். சேற்று நீர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. வெள்ளைக் கோடு தெரிந்தது. அதற்கடுத்ததைத் துடைத்தார்.