வீக்கத்து மாத்திரை

அவரால் முழுசாக விழுங்க முடியவில்லை என்று, மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொண்டுவந்தாள் மனைவி. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"சின்னப்புள்ள மாதிரி அடம் பிடிக்காதீங்க."

"எனக்கு வேணாம்டி. அது உனக்குத்தான் நல்லா கேக்குது."

லிஃப்ட் மெக்கானிக் அவர். அடுத்தவன் லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். உள்ளங்காலில் இருந்த கரும்புள்ளி தோல் புற்றுநோய் என்று தெரிவதற்குள் அது ஈரல்வரை போய்விட்டது. ஊசியோடு, வீக்கம் குறைக்கும் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எலிகளுக்குப் பலன் தெரிந்திருக்கிறதாம், மனிதர்களுக்கு இன்னும் உறுதியில்லையாம். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எலிக்குக் கேட்டது உங்களுக்குக் கேக்காதா?" என்று ஒரு வருடமாகத் தினமும் அவர் கையில் மாத்திரையை வைத்தாள். அதை நம்பித்தான் அவள் தூங்கினாள்.

"எனக்குக் கேக்குதுன்னா? என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் இப்போது, கரண்டியும் கையுமாக.

"நீ குடுத்தத தினமும் உன் முட்டிவலி மாத்திரை டப்பாவுல போட்டுட்டு, அதுல இருந்த பழச தூக்கிப் போட்டுட்டேன். எல்லாம் வெள்ளை மாத்திரைதானே."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அது உங்க உயிருங்க. போயும் போயும் என் முட்டிக்கா?"

"இந்த வருஷம் பூரா சாயங்காலம் என்கூட எறங்கி வந்தியே. அது போதும்."

உண்மைதான். முட்டிவலியால் பல வருடம் மாடியிலேயே முடங்கிக் கிடந்தவள், இந்த ஒரு வருடத்தில் அவரோடு பூங்கா, சினிமா, ஆற்றங்கரை என்று சுற்றாத இடமில்லை. தான் காய்ச்சிய எண்ணெயின் மகிமை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். அவரும் பால் குடித்த பூனை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம்வரை சமையலறையிலேயே இருந்துகொண்டாள். பிறகு மனசு கேட்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "திருட்டு மனுஷா," என்றாள். அவர் சிரித்தார். வெயில் தாழ்ந்தபோது, அவள் பிடித்திருந்த கையில் பிடிப்பு விட்டுப்போனது.

மறுநாள் அடக்கம் முடிந்து வந்ததும், மகள் படிக்கட்டருகே நாற்காலி போட்டாள். "ஒக்காரும்மா, தூக்கிட்டுப் போயிடறோம்."

"ஏன், எனக்கென்ன கேடு?"

ஏறினாள். வலிக்கவேயில்லை. அதுதான் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் ஆசையாகவும் வந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில், கடைசி மாதங்களில் அவர் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில், நின்றாள்.

"முடியலையாம்மா?"

"முடியுது," என்றாள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள்.