வைக்கோல் கன்று

கார்மேகம் காய்ந்த புல்லைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச்சி ஒரு வாய் எடுத்து மென்றது. அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் எடுத்தது. அவன் எழுந்து கதவுப்பக்கம் போனால் போதும், கழுத்தை நீட்டி 'ம்ம்ம்' என்று முனகும். அப்புறம் தீனியைத் திரும்பியும் பார்க்காது.

ஷார்ஜாவைத் தாண்டி, மணல்மேட்டு ஓரத்தில் முதலாளி அரபாப்பின் பண்ணை. ஒட்டகங்கள் வெயிலில் நிற்க, ஏசி போட்ட கொட்டகை அல்பாக்காவுக்கு மட்டும்தான். அவர் மனைவி மேடம் ஆசைப்பட்டு விமானத்தில் ஒரு ஜோடியை வரவழைத்திருந்தாள். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்ததுபோல் இருக்கும். சாணியைக்கூடக் கண்ட இடத்தில் போடாமல் ஒரே மூலையில் போடும். வருடத்துக்கு ஒருமுறை கம்பளியைக் கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் விழுந்துவிடும். சிவகங்கைப் பக்கம் செம்மறி மேய்த்த கார்மேகத்துக்கு அந்தக் கம்பளிதான் அதிசயம். ஆட்டு ரோமம்போல் கையில் பிசுபிசுக்காது, இலவம்பஞ்சு மாதிரி லேசு.

ஜோடியில் பழுப்பு நிறத்துக்குச் செவலை என்றும் மற்றதற்கு வெள்ளைச்சி என்றும் அவன்தான் பெயர் வைத்தான். போன மாதம் செவலை வயிறு ஊதிச் செத்தது. அதிலிருந்துதான் இந்தக் கூத்து. கார்மேகத்தின் லீவும் அன்றைக்கே போனது.

"புதுசு வர ரெண்டு மாசமாவும்," என்றார் மேனேஜர் சாதிக் பாட்ஷா, கீழக்கரைக்காரர். "தனியா விட்டா ஏங்கியே செத்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் நீ நகரக்கூடாது."

"ஊர்லயும் ஒருத்தி தனியாத்தான் பாய் கெடக்கா."

"நான் என்ன செய்ய? பாஸ்போர்ட்டு அரபாப்கிட்டல்ல இருக்கு."

ஊரில் மனைவி ராக்கம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். இரண்டு முறை தேதி தள்ளிப்போயிற்று. வரும் திங்கட்கிழமை மூன்றாவது தேதி.

"உதிரம் நிக்கவே இல்லை," என்றாள் போனில். "இந்தவாட்டியும் நீங்க வரலைன்னா நான் ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டேன். நீங்க வெளிய நிக்காம அந்த மேசையில நான் படுக்கமாட்டேன்."

அவனுக்கு வெள்ளைச்சியைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது. அது என்ன செய்யும், வாயில்லா ஜீவன்.

ஊரில் கன்று செத்துப் பசு மடியை இறுக்கிக்கொண்டால், கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து எதிரே நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சொரியும். அது நினைவுக்கு வந்ததும் கார்மேகம் ஸ்டோர் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தான். செவலையின் கம்பளி அங்கேதான் மூட்டையாக இருந்தது. மேடத்தின் சால்வைக்காக எடுத்து வைத்தது. தொட்டால் திருட்டு.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் மூட்டையைத் தூக்கிவந்தான். சாக்கில் புல்லைத் திணித்து மேலே கம்பளியைப் போர்த்தினான். அது நழுவிக்கொண்டே இருந்தது. தன் வேலைச் சட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றி, சட்டைக் கைகளை இழுத்து முடிச்சுப் போட்டான். தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே ஒளிந்துகொண்டான்.

வெள்ளைச்சி முகர்ந்தது. முனகியது. காலை மடக்கி, சாக்கோடு உரசிப் படுத்தது. வெகுநேரம் கழித்துத் தொட்டியில் வாய் வைத்தது.

"யாரைக் கேட்டு எடுத்தே?" பின்னால் மேனேஜர் நின்றார். "அது மேடத்துச் சாமான்டா."

"அடிங்க பாய், வாங்கிக்கிறேன். மொதல்ல அதைப் பாருங்க. நான் இல்லாமலே திங்குது."

மேனேஜர் பார்த்தார். கோபம் எங்கோ போயிற்று. போனை எடுத்து வீடியோ பிடித்து அரபாப்புக்கு அனுப்பினார். மறுநாள் முழுக்க அவனை உள்ளே விடவில்லை. தொட்டி காலியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஸ்போர்ட்டை நீட்டினார். "ராத்திரி பிளைட்டு. பொண்டாட்டியப் போய்ப் பாரு."

கார்மேகம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "திரும்பி வர டிக்கெட்டு எந்தத் தேதிக்குப் பாய்?"

"திரும்பி எதுக்கு? விசா கேன்சல். தண்ணி காட்ட ஒட்டகத்துக்காரன் போதும்னு அரபாப் சொல்லிட்டாரு. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"பாய், நானும் ஒட்டகம் பாக்குறேன். கக்கூஸ் கழுவுறேன்."

"ஆள் வேணாம்னு நீதானேப்பா செஞ்சு காட்டுனே." அவர் குரலில் கடுமையே இல்லை.

பிக்கப் வாசலில் நின்றது. ராக்கம்மா போன் செய்தாள். அவன் வருகிறான் என்றதும் அழுதாள், பிறகு சிரித்தாள். "எத்தனை நாளு லீவு?"

"நெறைய நாளு," என்றான்.

பையில் இடம் இருந்தது. சட்டை ஞாபகம் வந்து கொட்டகைக்குள் போய் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான்.

"அதை விடு," என்றார் மேனேஜர் கதவருகே இருந்து. "அதுல உன் வாடையும் இருக்குல்ல. எடுத்துட்டா திங்காமப் போயிரும்."

கார்மேகம் கையை எடுத்துக்கொண்டான். வெள்ளைச்சி அவன் சட்டைக் காலரின் மேல் தாடையை வைத்து, அவனைப் பார்க்காமல் மென்றுகொண்டிருந்தது.