கழுத்தளவு

பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று, துணி வெட்டும் பெரிய கத்தரியால் சகாயமேரி பேனரின் கயிற்றை நறுக்கினாள். ஒரு முனை சரிந்து, இறந்துபோன கணவர் பிலோமின்ராஜின் முகம் பந்தல் காலில் மடங்கித் தொங்கியது.

"மேரி, இறங்கும்மா. எல்லாரும் பாக்குறாங்க," என்றார் அற்புதசாமி. இறந்தவருக்கு அண்ணன். காலையிலேயே தென்னூர் கடையில் சொல்லி பேனரை அடித்துக் கட்டியது அவர்தான்.

"பாக்கட்டும் அத்தான்."

கணவர் ராணுவ உடையில் எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அதனால் பேனர் கடைக்காரர் ஆதார் அட்டை முகத்தை எடுத்து, எங்கோ கிடைத்த ஒரு சிப்பாயின் உடம்பில் பொருத்தியிருந்தார். மார்பில் ஒன்பது பதக்கங்கள். கீழே, 'ஆப்கான் போரில் எதிரிகளைப் பந்தாடிய கனடா நாட்டு மாவீரன்'. சகாயமேரி இருபத்திரண்டு வருஷமாகத் தையல்காரி. அவள் கண் முதலில் போனது காலரில். கணவரின் கழுத்து பதினைந்தரை. அந்தச் சட்டை பதினேழுக்குக் குறையாது. கட்டைவிரல் நுழையும் இடைவெளி.

"இது யாரோட சட்டை அத்தான்?"

"டிசைன்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போடுறாங்க."

"யாரோ ஒரு பிள்ளை இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னிருக்கான். அவன் தலை எங்க?"

மற்றக் கயிற்றையும் அவள் நறுக்கினாள்.

பத்தொன்பது வயதில் டொராண்டோவிலிருந்த அத்தையிடம் போனவர் பிலோமின்ராஜ். அங்கே குடியுரிமை வாங்கி, ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து, காந்தஹாரில் ஏழு மாதம் இருந்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருச்சிக்கே வந்து பம்புசெட் பழுது பார்த்தார். ஜீயபுரம் பக்கம் மோட்டார் ராஜ் என்றால்தான் தெரியும். நேற்றுக் காலை அங்கே மூக்கனின் வாழைத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தையல் மெஷினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டே, கேட்காமலே சொன்னார்.

"நான் ஒருத்தரையும் சுடல மேரி. நாலு பேரைத் தூக்கினேன். அங்க ஒரு வழக்கம். செத்தவனை விமானம் வரைக்கும் தூக்கிட்டுப் போறது அவன்கூட வேலை பாத்தவங்கதான். பெரிய அதிகாரிங்கல்லாம் ரெண்டு பக்கமும் வரிசையா நிப்பாங்க. தூக்க மாட்டாங்க."

பெல்ட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கடைசித் தடவை முன்னால தூக்கினது ஒரு பொண்ணு. எங்க எல்லாரையும்விடக் குள்ளம். அது காலுக்குத்தான் நாங்க அடி வெச்சோம். இப்ப மிதிச்சுப் பாரு, ஓடுதான்னு."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

நான்கு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டியை மூடினார்கள். சந்து குறுகல். ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றது, அதுவரைக்கும் தோளில்தான் போக வேண்டும். அற்புதசாமி கையைக் காட்ட, பேண்ட் செட்டிலிருந்து ஆறு பேர் முன்னால் வந்தார்கள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், கையில் வெள்ளைக் கையுறை. ராணுவ மரியாதை மாதிரி இருக்கட்டும் என்று அவர் தனியாகச் சொல்லி வைத்திருந்தார்.

சகாயமேரி பெட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நீங்க வாசிங்கண்ணே. தூக்க ஆள் இருக்கு."

பந்தலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்கனும் ஜீயபுரத்து விவசாயிகள் நாலு பேரும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மூக்கா, உள்ள வா. அவங்களையும் கூட்டிக்கிட்டு வா."

மூக்கன் அற்புதசாமியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "நாங்க தூக்கலாமாக்கா? உங்க ஆளுங்க..."

"அவரு மோட்டாருக்குள்ள கைய விட்டப்பல்லாம் டார்ச் யாரு பிடிச்சது?"

"நான்தான்."

"அப்ப வந்து பிடி."

அற்புதசாமியின் முகம் கறுத்தது. ஊர் என்ன பேசும், கோயிலில் என்ன கேட்பார்கள் என்று அடிக்குரலில் தொடங்கினார். தம்பி சாதாரண ஆள் இல்லை, ஒரு நாட்டு ராணுவத்தில் இருந்தவன், இப்படியா அனுப்புவது என்றார். கண் கலங்கியிருந்தது. அவரும் தம்பியைத்தான் இழந்திருந்தார்.

"இப்படித்தான் அத்தான் அங்க அனுப்புவாங்க. அவரே சொன்னாரு." அவள் குரல் இறங்கவில்லை. "நீங்க வரிசையில நில்லுங்க. அதுவும் மரியாதைதான்."

ஐந்து பேர் பெட்டியைச் சூழ்ந்தார்கள். முன்னால் இடது பக்கம் மட்டும் காலியாக இருந்தது. சகாயமேரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே போய்க் குனிந்தாள். கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "ஏய் மேரி," என்றாள்.

தூக்கியதும் பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. மற்ற ஐந்து பேரும் வயலில் வளர்ந்த உயரம். மூக்கன் பின்னால் திரும்பி ஏதோ முணுமுணுத்தான். ஒருவர் பின் ஒருவராக ஐவரும் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்த, பெட்டி நேரானது.

பேண்ட் வாசிக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்காரர்கள் சந்தின் இரண்டு ஓரமும் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றார்கள். கடைசி ஆளுக்குப் பக்கத்தில் அற்புதசாமி. கையைத் தூக்கினார். நெற்றிக்குக் கொண்டுபோவதா, சிலுவை போடுவதா என்று தெரியாமல், கை மார்புக்கு நேரே நின்றது.

கீழே விழுந்து கிடந்த பேனரின் வெள்ளை முதுகை மிதித்து, பெட்டியைச் சுமந்தவர்கள் வெளியே வந்தார்கள். முதல் பத்தடி கால்கள் கலைந்து கலைந்து விழுந்தன. குழாயடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"எந்தக் கால் முதல்லக்கா?" என்றான் மூக்கன்.

"இடது."

ஆறு கால்கள் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின.