பட்டையை மாட்டிக் காட்டு

என் கணவர் ஷாத்லி, எங்கள் ஊர் ஸ்பாக்ஸ் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். முதுகுத்தண்டில் கட்டி வந்து கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க ஓர் இயந்திரம் வாங்கினோம்.

கம்பெனியிலிருந்து அதைக் கொண்டுவந்து இறக்கிய நெஜீப், ஆளைத் தாங்கும் துணித்தொட்டிலின் பட்டைகளை ஒரே ஒரு தடவை கொக்கியில் மாட்டிக் காட்டினான். பெட்டிக்குள் இருந்த புத்தகம் முழுக்க ஜெர்மன். ‘பயிற்சி பெற்றேன்’ என்ற தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாம் நாள் அவரைத் தூக்கினேன்.

"மொஞ்சியா, சுமை முன்னால சாயுதுடி. இறக்கு."

"கம்பெனிக்காரன் இப்படித்தான் மாட்டினான். பேசாம இருங்க."

சொல்லி முடிப்பதற்குள் பட்டைகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சுமையைப் பற்றி அவருக்கா தெரியாது? நான்தான் கேட்கவில்லை.

கம்பெனிக்குப் போய்க் கேட்டேன். மேலாளர் ஜலேல், ‘லல்லா’ என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே அந்தத் தாளை நீட்டினார். "கையெழுத்து உங்களுதுதானே, லல்லா? தப்பா மாட்டினது நீங்க. எங்கள ஏன் இழுக்கிறீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வழக்குப் போட்டேன். நீதிபதி ஒரு பொறியாளரை நியமித்தார். கம்பெனிக் கடையிலேயே எல்லோரும் கூடினோம். மணல் நிரப்பிய பொம்மையைப் படுக்கவைத்தார்கள்.

"நான் தொடமாட்டேன்," என்றேன். "அவங்க ஆளையே மாட்டச் சொல்லுங்க."

நெஜீப் மாட்டினான். எனக்குக் காட்டிய அதே மாதிரி. பொம்மை மேலே போனது, சாய்ந்தது, தொப்பென்று விழுந்தது. ஜலேல் முகம் வெளுத்துவிட்டது.

"கால்பட்டைய தொடைக்கு அடியில குறுக்கா மாட்டணும்," என்றார் பொறியாளர். "உனக்கு யாருப்பா கத்துக்குடுத்தா?"

"யாருமில்லைங்க. பெட்டி மேல இருந்த படத்தப் பாத்து நானா புரிஞ்சுக்கிட்டேன்."

குற்றம் கம்பெனியுடையது என்று தீர்ப்பு வந்தது. மருத்துவச் செலவையும் நஷ்டஈட்டையும் அவர்களே தர வேண்டும். ஷாத்லி செய்தியைக் கேட்டுத் தலையாட்டினார். ஆனால் அந்த இயந்திரத்தில் இனி ஏறமாட்டேன் என்றார். நானும் என் தம்பியும்தான் அவரைத் தூக்குகிறோம்.

அடுத்த வாரம் நெஜீபை வேலையிலிருந்து நீக்கினார்கள். கேள்விப்பட்டதும் நேரே கடைக்குப் போனேன்.

"உண்மைய சொன்னவன துரத்திட்டு, சொல்லிக்குடுக்காத நீ இங்க நாற்காலியில உக்காந்திருக்க. வெக்கமா இல்ல?"

"இது எங்க உள்விவகாரம், லல்லா."

"என் புருஷன் இடுப்பு உடைஞ்சதும் உள்விவகாரமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நெஜீப் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகிறான். அவனுக்கு முதல் சாட்சி நான்.