ஒளிவுமறைவற்ற வீடு

அறவியல் பேராசிரியர் வீடு கட்டினால் செங்கல்லை வைத்தா கட்டுவார்? கொள்கையை வைத்துக் கட்டினார். அதற்குத் தோதாக ஓர் ஆர்க்கிடெக்ட்டும் வாய்த்தார். சுவரைப் பூசாமல் விட்டுவிட்டு அதற்கு 'உண்மை' என்று பெயர் வைக்கிற ரகம். இருவரும் சேர்ந்து பேச ஆரம்பித்தால் கேட்கிறவருக்குக் கொட்டாவி விடக்கூட இடைவெளி கிடைக்காது.

உள் அறைகள் எதற்கும் கதவில்லை. வரைபடத்தைப் பார்த்தபோது, கதவை அப்புறம் வரைவார்கள் என்று பேராசிரியரின் மனைவி நினைத்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர நைட் டியூட்டி. பகலில்தான் தூக்கம். படுக்கையறைக்கு நேர் எதிரே கூடம். கூடத்தில் பகல் முழுக்கப் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் நன்மை என்றால் என்ன என்று உரக்க ஆராய்வார்கள்.

"ஒரே ஒரு கதவு போதும், என் ரூமுக்கு மட்டும்," என்றாள்.

"கதவுங்கறது மரம் இல்லம்மா, சந்தேகம்," என்றார் ஆர்க்கிடெக்ட். "ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவங்கதான் வீட்டுக்குள்ள கதவு போடுவாங்க."

"உங்க ஆபீஸ் ரூமுக்கு இருக்கே சார்?"

"அது வாடகைக் கட்டடம்."

ஏதோ பதில் கிடைத்துவிட்டது போலப் பேராசிரியர் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அவள் தம்பி வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "ஏன் மாமா, பாத்ரூமுக்கு மட்டும் கதவு இருக்கே, அங்க யாரைச் சந்தேகப்படறீங்க?"

"கிண்டல் பண்ணாதே. அது சுகாதாரம், இது அறம்."

அவள் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல அதை இரண்டு விரலால் எடுத்துப் போட்டார் பேராசிரியர். "இன்னிக்குத் துணி தொங்கும், நாளைக்குப் பொய் தொங்கும்."

அந்த வாரம் வார்டில் தூங்கி வழிந்துகொண்டே ஒரு நோயாளிக்கு இன்னொருவர் மாத்திரையை நீட்டிவிட்டாள். "எனக்கு மஞ்சள் மாத்திரை கிடையாதேம்மா," என்று அந்த நோயாளி அம்மாள் சொன்னதால் தப்பித்தாள். இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது என்று தலைமை நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

கணவரிடம் சொன்னாள். "தூக்கம்ங்கறது மனசைப் பொறுத்தது," என்றார், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு.

மறுநாள் காலை ஓர் ஆராய்ச்சி மாணவன் வந்தான். "துறையில காலியா இருக்கிறது ஒரே வேலை. அது உனக்குத்தான். தேர்வுக் குழுவுல நான் பேசிக்கறேன், யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றார் பேராசிரியர். அவள் புரண்டு படுத்தாள். மதியம் ஒரு மாணவி வந்தாள். அதே சோபா, அதே குழைவு, அதே வார்த்தைகள்.

உள்ளே படுத்திருந்தவளுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும். படுத்தபடியே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அந்த வேலையைத்தான் காலையில வந்த பையனுக்குக் குடுத்துட்டீங்களே."

கூடத்தில் நன்மை பற்றிய ஆராய்ச்சி நின்றது. பேராசிரியர் வாக்குறுதிக்கும் கடமைக்கும் உள்ள நுட்பமான வித்தியாசத்தைத் தொடங்கினார். அது முடிவதற்குள் மாணவி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணினே?" அவர் கதவு இருக்க வேண்டிய இடைவெளியில் வந்து நின்றார்.

"நம்பிக்கையான வீடுதானே, ஒளிக்க என்ன இருக்கு? இங்க படுத்திருந்தா எல்லாமே காதுல விழுது. நாளைக்கு யார் வர்றாங்க?"

மாலைக்குள் தச்சர் வந்துவிட்டார். போன் போட்டது பேராசிரியர்தான்.

செய்தி கேட்டு ஆர்க்கிடெக்ட் ஓடிவந்தார். கதவு நிலையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது; ஒரு நிமிடத்தில் பிழைத்துக்கொண்டது. "இது கதவு இல்ல சார். அசையும் சுவர்."

"அப்படிச் சொல்லுங்க," என்றார் பேராசிரியர். "அறத்துக்கும் ஒரு கீல் தேவைப்படுது." இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். அடுத்த கருத்தரங்குக்குத் தலைப்பு அங்கேயே தயாரானது.

அவள் தச்சரிடம் கேட்டாள்: "அண்ணே, அசையற சுவருக்குத் தாழ்ப்பாள் உண்டா?"

"போட்டுடலாம்மா. எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

கடைசித் திருகாணி இறங்கியபோது அவர்கள் இருவரும் கீலின் தத்துவத்தில் பாதி தூரம் போயிருந்தார்கள். அவள் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.